கூபா வளவில் ஆடியவள்

நான் வேலை செய்யும் இடத்துக்கு ஞாயிறு பின்னேரங்களில் வருகிற வயதான பெண்கள் ஒவ்வொருவரின் கையிலும் ஒரு துணிப்பை இருக்கும். வாசலில் கிடக்கும் வாங்கில் அமர்ந்து, போட்டுவந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து குதி உயர்ந்த வேறொரு சோடியை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிறு அதைப் பார்த்த நான், உள்ளே ஏதோ வழிபாடு நடக்கப்போகிறது, வெளிச் சப்பாத்தோடு போகக்கூடாது போலும் என்று நினைத்து என்னுடையதையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். சற்று நேரத்தில் அக்கோடியன் வாத்தியம் ஒலிக்கத் தொடங்கியது. எண்பது வயதுப் பெண்கள் பட்டப்பகலில் பலகைத் தளத்தில் ஏறி, ஆண்களின் தோளில் கைபோட்டுச் சுழலத் தொடங்கினார்கள். ஒரு முதியவர் என்னிடம் வந்து குனிந்து கையை நீட்டினார். நடக்கச் சிரமப்படுகிறார், உதவி கேட்கிறார் என்று எண்ணி அந்தக் கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டுபோய்க் கழிப்பறைக் கதவடியில் விட்டுவிட்டு வந்தேன். ஆடக் கூப்பிட்ட மனிதரை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிச் சொல்லி அன்று முழுவதும் சமையலறையில் சிரித்தார்கள்.

பாரிசுக்குக் கிழக்கே, மார்ன் ஆற்றின் கரையில் இருக்கிறது அந்த இடம். இப்படி ஆற்றங்கரையில், வானத்தின் கீழ் சாப்பிட்டு, குடித்து, ஆடிப் பாடுகிற இடத்துக்கு இங்கே கங்கெட் என்று பெயர். கோடையில் பாடகிகள் வருவார்கள். இறகு வைத்த உடையோடு கபரே ஆட்டமும் நடக்கும். நான் அங்கே தட்டுக் கழுவுகிறேன், உருளைக்கிழங்கு சீவுகிறேன். முதலாளி மதாம் ஒடில். அவருடைய பூட்டனார் ஒரு படகோட்டி. கரையில் ஒரு அடுப்பை மூட்டிச் சின்ன மீன்களைப் பொரித்து விற்றாராம். சாப்பிட வந்தவர்களில் ஒருவன் வாத்தியம் கொண்டுவந்தான், பிறகு ஆடினார்கள், சேற்றில் கால் புதைகிறது என்று பலகை அடித்தார்கள், அதுவே வட்ட மேடையாயிற்று. ஆறு பெருகி இரண்டு தடவை எல்லாவற்றையும் கொண்டுபோனது. வெள்ளம் எந்த மட்டத்துக்கு வந்தது என்று சுவரில் நீலக் கோடு கீறி வைத்திருக்கிறார்கள். யுத்த காலத்தில், ஜெர்மன்காரர் வந்து இருந்தபோது, ஆடுவதற்குத் தடை. கதிரைகளை அடுக்கிச் சாக்கால் மூடிவிட்டுக் காத்திருந்தார்களாம். யுத்தம் முடிந்ததும் அதே கதிரைகளில் அதே ஆட்கள் வந்து அமர்ந்தார்கள். சுவர் முழுக்கப் படங்கள். எவர் எந்த வருடம் ஆடினார், எவர் எந்த மேசையில் காதலைச் சொன்னார், எல்லாம் மதாம் ஒடிலுக்குத் தெரியும். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், செத்துப்போன ஒரு ஆட்டக்காரியின் வெள்ளிநிறச் சப்பாத்துகூட இருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு மதாம் இந்தக் கதையைச் சொல்லும்போது நான் சமையலறை யன்னலால் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு வயிறு எரியும். சத்தியமாக எரியும். ஊரில் உள்ளவர்களும், என்னைப்போல் வெளியில் வந்து கிடக்கிறவர்களும் இதை வாசிக்கும்போது, வெள்ளைக்காரரின் காசையும் குளிர்சாதனப் பெட்டியையும் பார்த்து நான் பொறாமைப்படவில்லை என்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு சப்பாத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஆடிய ஒருத்தி செத்த பிறகும் அவளுடைய சப்பாத்தைத் துடைத்து வைக்க ஓர் இடம் இருக்கிறதே என்று. ஏனென்றால் எங்களிடமும் இப்படி ஒரு இடம் இருந்தது. குருநகரில், கடற்கரையில், நான் கலியாணம் கட்டிப்போன வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

அதைத் தொடக்கியவர் பீற்றர் அண்ணை. சரக்குக் கப்பலில் சமையற்காரராக இருந்து ஊர் திரும்பியவர். கூபா நாட்டின் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது அவரை யாரோ ஓர் ஆட்ட அரங்குக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அதன்பிறகு அவருடைய வாயில் வேறு கதை இல்லை. "மரத்தைத் தறிக்காமல் மரத்துக்கு நடுவிலை மேடை கட்டியிருக்கிறாங்கள். கூரை கிடையாது. நிமிந்தால் வானம். பெண்டுகள் தலையிலை கொத்துவிளக்கை வைச்சுக்கொண்டு ஆடுறாளவை. உலகத்திலையே பேர்போன இடமாம். நாங்கள் ஏன் அப்பிடி ஒண்டு செய்யேலாது?" என்று சந்திக்குச் சந்தி கேட்டார். ஊர் சிரித்தது. அவர் தன் வளவுத் தென்னைகளில் ஒன்றையும் தறிக்காமல் நடுவில் சீமெந்தில் ஒரு வட்ட மேடை கட்டினார். நத்தார் பண்டிகைக்கு நட்சத்திரக் கூடு கட்டுகிறவரைப் பிடித்துக் கம்பியும் கண்ணாடிக் கடதாசியும் கொண்டு தலைவிளக்குச் செய்வித்தார். பங்குத் தந்தை வந்து பின்வரிசையில் அமர்ந்து முழுவதையும் பார்த்துவிட்டு மூன்று நிபந்தனை போட்டார்: பாவாடை முழங்காலுக்குக் கீழே வரவேண்டும், உள்ளே சாராயம் கூடாது, தவக்காலத்தில் பூட்டவேண்டும். பீற்றர் அண்ணை மூன்றுக்கும் தலையாட்டினார். விடியப்புறம் தொழிலுக்குப் போகிற சனம் என்பதால் ஞாயிறு வெயில் தாழ ஆட்டம் தொடங்கி ஏழரைக்கு முடிந்துவிடும். பலகையில் வேறு ஏதோ அழகான பெயர் எழுதியிருந்தார். சனம் அதைக் கூபா வளவு என்றே சொன்னது. நல்லூரிலிருந்து சைக்கிளில் வந்தார்கள். நீர்வேலியிலிருந்து வாழைக்குலை ஏற்றிவந்த லொறிக்காரர்கள் சந்தையில் இறக்கிவிட்டு நேரே வந்தார்கள்.

என் கணவர் யூலியஸ் அங்கே அக்கோடியன் வாசித்தார். எனக்கு அப்போது இருபது வயது, மூத்தவள் வயிற்றில். ஞாயிறு மத்தியானம் அவருடைய வெள்ளைச் சட்டையை மினுக்கிக் கொடுப்பது என் வேலை. போகக் கேட்டால் அவருடைய தாய், என் மாமி, "குடும்பப் பெண்டுகள் உங்கை போறேல்லை" என்பார். உண்மையில் வேறு குடும்பப் பெண்கள் போனார்கள். எனக்குத்தான் அனுமதி இல்லை. யூலியஸ் எனக்காக ஒரு சொல்லும் சொன்னதில்லை. கடற்காற்று எங்கள் பக்கம் வீசினால் பாட்டு வரும், மற்றப் பக்கம் வீசினால் கைதட்டல் மட்டும் வரும். பாட்டில் ஒரு பெண்ணின் குரல். பாசையூர் ரீட்டா. கோவில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவளைப் பீற்றர் அண்ணை கேட்டுக் கூட்டிவந்தாராம். தலையில் விளக்கு வைத்துப் பைலா என்கிற துள்ளல் பாட்டுக்கு ஆடுகிறவள் அவள்தான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு ஞாயிறு மாமி பூசைக்குப் போன நேரம் பார்த்து நான் போனேன். உள்ளே போகத் துணிவில்லை. கிடுகு வேலியில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துக் கண்ணை வைத்தேன். மேடையில் ரீட்டா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்று தெரியும். ஆனால் அப்போது அவளுக்கு வயதே இல்லாததுபோல் இருந்தது. தலையில் சிவப்பும் பச்சையுமாகக் கடதாசி விளக்கு. கழுத்து அசையவில்லை, இடுப்புக்குக் கீழே எல்லாம் ஓடியது. பாடிக்கொண்டே யூலியசிடம் போனாள், அவருடைய தோளில் கையை வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். வீட்டில் நான் அந்தச் சிரிப்பைக் கண்டதில்லை. திரும்பி வந்து வெளிக்கதவடியில் அமர்ந்து அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் அழவில்லை. உலை வைத்தேன். அந்த வார முடிவில் யூலியஸ் வாத்தியக் குழுவின் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஏழு பேர் மேடையில். நடுவில் ரீட்டா, ஆட்டத்தில் ஒரு காலைத் தூக்கியபடி, ஒரு கை யூலியசின் தோளில். அவர் குளிக்கப் போனதும் தையல் கத்தரிக்கோலை எடுத்து ரீட்டாவை வெட்டி எடுத்தேன். தலைவிளக்கிலிருந்து கால்வரை ஓரம் பிசகாமல் வெட்டினேன். வெட்டியதை அடுப்பில் போட்டேன். தோளில் கிடந்த விரல்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவற்றை வெட்டினால் யூலியசின் தோளும் போய்விடும். குளித்து வந்தவர் படத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அந்தப் பேசாமையைக் குற்றத்தின் அடையாளமாகவே எடுத்து, அவர் சாகும்வரை மனதில் வைத்திருந்தேன்.

பிறகு கூபா வளவு என்ன ஆனது என்பதை ஊரில் உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யுத்தம் வந்ததும் கடற்கரைக்குப் போவதே உயிரைக் கையில் பிடிக்கிற காரியமாயிற்று. பீற்றர் அண்ணை முதலில் விளக்குகளைக் கழற்றினார், பிறகு பலகையைக் கழற்றினார், பிறகு அவரே இல்லாமற் போனார். தென்னைகள் தலை வட்டோடு முறிந்து நின்றன. இடம்பெயர்ந்து ஓடிய நாளில் யூலியஸ் அக்கோடியனைத் தூக்கினார். பிள்ளைகளைத் தூக்க ஆள் இல்லை என்று கத்தினேன். வாசற்படியில் வைத்துவிட்டு வந்தார். அந்தப் படம் மட்டும் உடுப்புகளுக்குள் கிடந்து எங்களோடு வந்தது. பிரான்சில் முப்பது வருடம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார். எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. அவர் போன பிறகு ஒருநாள், மகளின் வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்துக்குக் காத்திருந்தபோது ஆற்றுப் பக்கமிருந்து யாரோ தனியே அக்கோடியன் பழகுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தின் பின்னால் போய்த்தான் மதாம் ஒடிலிடம் வேலை கேட்டேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் குருநகரில் இருக்கும் என் தங்கை டெல்சி தொலைபேசி எடுத்தாள். பங்குத் திருவிழாவுக்கு மண்டபத்தில் பழைய கலைஞர்களின் படங்களை வைக்கப்போகிறார்களாம். "கூபா வளவின்ரை படம் ஒருத்தரிட்டையும் இல்லை அக்கா. எல்லாம் ஓட்டத்திலை போச்சுது. அத்தானிட்டை ஒண்டு இருந்ததெல்லே? அதைக் கொண்டு வா." மதாம் ஒடிலிடம் மூன்று கிழமை விடுமுறை கேட்டேன். ஊரில் எங்களுக்கும் இப்படி ஒரு கங்கெட் இருந்தது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, "அப்படியா! இப்போது யார் நடத்துகிறார்கள்?" என்று கேட்டார். இடங்கள் நடத்தப்பட்டுக்கொண்டேயிருக்கும் என்று நம்புகிற மனிதருக்கு என்ன பதில் சொல்வது? என் மைத்துனர் நடத்துகிறார் என்று சொல்லிவிட்டேன்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் படத்தைக் கையில் வாங்கிய டெல்சி நெடுநேரம் பார்த்தாள். "இதென்ன நடுவிலை ஓட்டை?"

"எலி அரிச்சுப்போட்டுது."

"எலி பாவாடை விளிம்பெல்லாம் பாத்துப் பாத்து அரிச்சிருக்குது." என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ரீட்டா அக்கா இப்பவும் பாசையூரிலைதான் இருக்கிறா. அவவிட்டை வேறை படம் இருக்குமோ எண்டு நீயே போய்க் கேள்" என்றாள்.

போனேன். முப்பது வருடம் பிரான்சிலிருந்து மனதால் எத்தனையோ தடவை ஏறிய படி அது. நான் நினைத்து வைத்திருந்த ரீட்டா உயரம். வாசலில் நின்றவள் என் தோளுக்குத்தான் வந்தாள். ஒல்லியாய், மூக்குக் கண்ணாடியோடு. முன்னறையில் தையல் இயந்திரம். கோவிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைக்கிறாள். கொடி முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைச் சட்டைகள் தொங்கின.

"வாரும், இரும். ஆரெண்டு தெரியேல்லை."

"குருநகர் செலின். கூபா வளவிலை அக்கோடியன் அடிச்ச யூலியசின்ரை மனுசி."

இந்த வசனத்தை எப்படிச் சொல்லவேண்டும் என்று பேருந்தில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தேன். ஏதாவது ஒன்று அசையும் என்று காத்திருந்தேன்.

"யூலியஸ்..." என்று இழுத்தாள். "கண்ணாடி போட்டவரோ?"

"இல்லை."

"அப்ப அந்தக் கட்டையரோ? இருமிக்கொண்டு திரிவாரே?"

"அவர் மண்டலின்காரர். இவர் நெடுவல். சுருட்டை மயிர். நீங்கள் பாடேக்கை இவற்றை தோளிலைதான் கை வைக்கிறனீங்கள்."

ரீட்டா சிரித்தாள். "ஐயோ பிள்ளை, எல்லாற்றை தோளிலையும்தான் வைச்சனான். பீற்றர் அண்ணை அப்பிடித்தான் செய்யச் சொன்னவர். கூபாவிலை அப்பிடித்தானாம். தலையிலை அந்த விளக்கு என்ன பாரம் தெரியுமே? ஒரு இடத்திலையாவது பிடிக்காட்டில் விழுந்துபோவன்."

உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவளுக்காக ஒரு வாழ்நாளை எரித்திருக்கிறேன். ஒரு நல்ல மனிதனை அவள் பெயரால் சந்தேகித்து, அவரோடு அரைக் கதை கதைத்து, கடைசியில் மண்ணுக்குள் அனுப்பியிருக்கிறேன். இவளோ அவருடைய முகத்தைக்கூட நினைவில் வைத்திருக்கவில்லை! யூலியஸ் மறக்கப்படக்கூடிய ஆளா? அவளுக்கு அவரில் விருப்பம் இருந்திருக்கக்கூடாதா என்று அந்த நேரம் எனக்கே தோன்றியது.

அவள் மேடையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். அதில் ஒன்றையும் மறக்கவில்லை. சீமெந்து வெயில் சூடு ஆறாமல் இருக்குமாம். முதல் பாட்டுக்கு உள்ளங்கால் சுடுமாம், மூன்றாம் பாட்டுக்குள் பழகிவிடுமாம். காற்று தெற்கே திரும்பினால் தலைவிளக்கின் கடதாசி படபடக்கும், அந்தச் சத்தத்துக்கும் ஒரு தாளம் இருக்கும். "கடைசியாய் ஆடினது எப்பவெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. கடைசியெண்டு தெரிஞ்சிருந்தால் இன்னும் நாலு பாட்டு ஆடியிருப்பன்." கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய கண்கள் இருபத்திரண்டு வயதாகி வந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இதெல்லாம் இருந்தது. சூடும், காற்றும், நாலு பாட்டு ஆசையும். எனக்கு வேலி ஓட்டை இருந்தது.

"நீர் பிரான்சிலை என்ன செய்யிறீர்?" என்று கேட்டாள்.

"ஆடுறன்" என்றேன்.

எப்படி வந்தது அந்தச் சொல் என்று எனக்குத் தெரியாது. வந்த பிறகு நிற்கவில்லை. ஆற்றங்கரையில் பெரிய வட்ட மேடை, கூரையில்லை, சுற்றிவர மரம். கபரே. உலகம் எல்லாம் இருந்து சனம் வரும். ஞாயிறு ஞாயிறாய் நான் ஏறுகிறேன். பூட்டன் காலத்து இடம், வெள்ளம் வந்தது, யுத்தம் வந்தது, மேடை அப்படியே இருக்கிறது. நான் ஏறுவதைத் தவிர மற்றது எல்லாம் கிட்டத்தட்ட உண்மை. ரீட்டாவின் கை இயந்திரச் சில்லில் அப்படியே நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு நன்றாகத் தெரியும் அந்த முகம். கண்ணாடி பார்த்த நாளெல்லாம் நான் கண்ட முகம். என்னைப் பார்த்து ரீட்டா பொறாமைப்படுகிறாள்! பாவம் என்று ஒரு துளியும் தோன்றவில்லை. இனித்தது.

"யுத்தம் வந்தும் இருக்குதோ?" என்று மெல்லக் கேட்டாள். "எங்கடையிலை ஒரு கல்லும் இல்லை. இப்ப அது மீனுக்கு ஐஸ் உடைக்கிற இடம். என்னட்டை ஒரு படமும் இல்லை. பேத்தியள் ரெண்டும் நான் ஆடினனானெண்டால் நம்புறாளவையில்லை. 'அம்மம்மா பொய் சொல்லுறா' எண்டு சிரிக்கிறாளவை."

படம் என் கைப்பைக்குள் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். தேநீரைக் குடித்து முடித்து, "போட்டு வாறன் அக்கா" என்று எழும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை சந்தைக்குப் போய் வந்த டெல்சி மீன் பையை வைக்க முதலே தொடங்கினாள். "நீ பிரான்சிலை கபரே ஆடுறியாம். பாசையூரிலையிருந்து பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் அதுதான் கதை. அறுபது வயது தாண்டி இதென்ன கூத்து அக்கா?" நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், தெருவில் ஆட்கள் திரும்பிப் பார்த்தபோது என் நடை கொஞ்சம் நிமிர்ந்தது.

திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்ததும் மண்டபத்தைத் திறந்தார்கள். நாட்டுக்கூத்து அண்ணாவிமார், வயலின்காரர்கள் என்று வரிசையாகப் படங்கள். கடைசிப் பலகையில் எங்களுடையது. டெல்சி அதைப் பெரிதாக்கி ஒட்டுவித்திருந்தாள். ஓட்டையும் பெரிதாகிவிட்டது. ஆறு ஆண்கள் ஒரு வெள்ளைப் பள்ளத்தைச் சுற்றி நின்று சிரித்தார்கள். அந்தப் பள்ளத்துக்கு இடுப்பு வளைவு இருந்தது, தூக்கிய கால் இருந்தது, தலையில் விளக்கு இருந்தது. ரீட்டா மகளோடும் இரண்டு பேத்திகளோடும் வந்தாள். சனம் விலகி வழி விட்டது. பலகையடியில் நின்று பார்த்தாள். விரலால் அந்த வெள்ளையின் ஓரத்தைத் தடவினாள்.

"இது நான்" என்றாள். பிறகு திரும்பி, "ஆர் வெட்டினது?" என்று கேட்டாள்.

டெல்சி வாயைத் திறந்தாள். எலிக் கதையைச் சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது. "நான்தான்" என்றேன். "நான்தான் வெட்டினனான். நீங்கள் அவற்றை தோளிலை கை வைச்சதுக்காக."

ரீட்டா கத்தியிருந்தால் நன்றாயிருக்கும், அறைந்திருந்தாலும் நன்றாயிருக்கும். அவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். "காலையாவது விட்டிருக்கலாமே" என்றாள். "நான் என்னத்தைக் கேட்டன், காலையாவது விட்டிருக்கலாமே."

அப்போது மூத்த பேத்தி, பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும், படத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, "அம்மம்மா, இஞ்சை பாருங்கோ" என்றாள். யூலியசின் தோளில், உடம்பில்லாமல், நான்கு விரல்கள் கிடந்தன. ஒன்றில் ஒரு பூப்போட்ட மோதிரம். பிள்ளை ரீட்டாவின் கையைப் பிடித்துத் தூக்கிப் படத்துக்கு அருகில் வைத்தாள். சுருங்கிய விரலில் நூல் சுற்றி இறுக்கிய அதே மோதிரம். "உங்கடை மோதிரம்! அப்ப நீங்கள் மெய்யாவே ஆடினனீங்களோ?" என்று கத்தினாள். இளையவள் ஓடிவந்து தானும் பார்த்தாள். சனம் முழுவதும் நெருக்கியது. ரீட்டா அழுதாளா சிரித்தாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் அத்தனை தலைகள். யூலியசின் தோளைக் காப்பாற்றப்போய் நான் விட்டுவைத்த விரல்கள் அவை. அதில் எனக்கு ஒரு நன்றியும் வராது என்று தெரியும்.

நான் புறப்படும் நாளில் அவளே டெல்சி வீட்டுக்கு வந்தாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. படலையடியில் நின்றபடியே, "உம்மடை ஆட்டத்தை எனக்குக் காட்டவேணும்" என்றாள். "மகளின்ரை போனிலை பாக்கலாமாம். என்ரை ஆட்டத்தை வெட்டிப்போட்டீர். உம்மடையை நான் பாத்தே ஆகவேணும்."

"ஓம் அக்கா" என்றேன்.

பிரான்சுக்குத் திரும்பி இரண்டு மாதம் சாக்குச் சொன்னேன். மழை என்றேன், கால் நோ என்றேன். ரீட்டா விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மகளின் இலக்கத்திலிருந்து செய்தி வந்தது. கடைசியில் மதாம் ஒடிலிடம் போய், "நான் ஒருதரம் மேடை ஏற வேண்டும்" என்றேன். மேடையைக் கழுவவேண்டும் என்கிறேன் என்று நினைத்து, "காலையில்தானே கழுவினாய்" என்றார். இல்லை, ஆட, என்று கையைத் தூக்கிக் காட்டினேன். முதலில் சிரித்தார். முழுக் கதையையும் உடைந்த பிரெஞ்சில் சொல்லி முடித்தபோது சிரிக்கவில்லை. என் கால் அளவைக் கேட்டார்.

போன ஞாயிறு ஆடினேன். இங்கே பின்னேரம் மூன்று மணி, அங்கே ஆறரை. தொலைபேசியில் வெயில் படாத இடம் மேடைக்குப் பின்னால், அக்கோடியன்காரரின் இசைத்தாள் தாங்கியில் மட்டும்தான் இருந்தது. அங்கே சாய்த்து வைத்தோம். சின்னத் திரையில் ரீட்டா, இரு பக்கமும் பேத்திகள். முன்னால் இந்த ஊர்க் கிழவர்களும் கிழவிகளும். வாத்தியக்காரருக்குப் பைலாத் தாளத்தை மேசையில் தட்டிக் காட்டியிருந்தேன். அவர் அதில் பாதியைப் பிடித்துக்கொண்டார். மற்றப் பாதி இந்த ஊர் வால்ஸ் தாளமாக வந்தது. இரவல் சப்பாத்தில் என் கால்கள் எதற்கு ஆடுவதென்று தெரியாமல் ஆடின.

"ஏமாத்தினனீ! உனக்கு ஆடவே தெரியாது!" ரீட்டாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. நீர் என்று இதுவரை மரியாதையாய் அழைத்தவள், இப்போது நீ என்றாள். "இடுப்பை விடடி! கழுத்தை ஆட்டாதை! இஞ்சாலை திரும்பு, நான் காலைப் பாக்கவேணும்!"

அவள் பக்கம் திரும்பினேன். திரையில் அவளுடைய முகம் முழுவதும் கண். "எவ்வளவு பெரிய மேடை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபக்கத்திலிருந்து மதாம் ஒடில் கையைத் தட்டி, "செலின், இங்கே, எங்களைப் பார்! முதுகைக் காட்டாதே!" என்று கூவினார். அவர்கள் பக்கம் திரும்பினேன். "அங்காலை என்ன பாக்கிறாய், இஞ்சாலை பார்!" என்றாள் ரீட்டா. ஒரு பக்கம் முகத்தைக் கொடுத்தால் மறுபக்கத்துக்கு முதுகுதான் மிஞ்சியது. மேடை வட்டமானது என்பது ஒரு வசதி. பாட்டு முடியும்வரை நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.